ஒன்றாவது டிராக்

மோட்டார் வைண்டிங்கில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர், வீட்டில் ஒரு சின்ன அடாப்டர் எரிந்துவிட்டது, சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னால், அதை நம்புவதற்குச் சிங்காநல்லூரில் ஆள் கிடையாது. சுந்தரராஜுலு அப்படித்தான் சொன்னார், அதுவும் சொந்த மகளிடம். ஷ்ரவ்யா கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நைனா, ஊரே எரிஞ்ச மோட்டாரை உங்ககிட்டத்தான் கொண்டாந்து குடுக்குது. இத்தனூண்டு அடாப்டர் உங்களுக்கு மலைப்பா இருக்குதுங்களா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். நல்ல குணம்தான். ஆனால் ஒரு பொய்யைக் காப்பாற்றியே ஆகவேண்டிய நாளில் அதைப் போலத் தொந்தரவான குணம் வேறு இல்லை.

விஷயம் இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குத் தொட்டில் போடுகிறார்கள். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மாப்பிள்ளை சைதன்யாவின் வீட்டார் ஒரு வேன் நிறைய வருகிறார்கள். ஷ்ரவ்யாவுக்கு ஓர் ஆசை. தான் சிறுமியாக இருந்தபோது அம்மா பாடிய தாலாட்டை, அம்மாவின் குரலிலேயே, அன்றைக்குத் தொட்டில் பக்கத்தில் ஒலிக்கவிட வேண்டும். அம்மாவால் இப்போது பாட முடியாது. அதனால் என்ன, பாட்டுதான் இருக்கிறதே. நைனா அந்தக் காலத்தில் வாங்கிய எட்டு டிராக் ரிக்கார்டிங் மெஷினுக்குள் அது பத்திரமாக இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவர் சுந்தரராஜுலு. பாட்டு அதில் இல்லை என்பது தெரிந்தவரும் அவர் ஒருவர்தான்.

அவருடைய கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் இது விளங்கும்.

எந்தக் காலத்திலோ தெலுங்கு பேசிக்கொண்டு கோவைப் பக்கம் வந்து கரிசல் காட்டைத் திருத்திய குடும்பங்களில் ஒன்று அவருடையது. பங்காளிகளில் சிலர் பருத்தி போட்டு, பிறகு பஞ்சு பிரிக்கும் ஜின்னிங் போட்டு, பிறகு மில்லும் போட்டார்கள். சுந்தரராஜுலுவின் அப்பா அந்த மில்லுக்கு வேலைக்குப் போனார். வீட்டுப் பேச்சு இன்றைக்கும் தெலுங்குதான் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆந்திராவிலிருந்து யாராவது வந்து அந்தத் தெலுங்கைக் கேட்டால் அவர்களுக்குத் தலை சுற்றும், அவ்வளவு கொங்குத் தமிழ் அதற்குள் புகுந்திருக்கும். ஷ்ரவ்யா தலையெடுத்த பிறகு அதுவும் தேய்ந்து, அப்பாவைக் கூப்பிடும் 'நைனா' மட்டும்தான் மிச்சம். அவள் வீட்டில் இருந்தால் வீடே தமிழில் பேசும்.

சுந்தரராஜுலு பத்தாவது முடித்ததும் மில்லின் எலக்ட்ரிக்கல் பிரிவில் சேர்ந்து வைண்டிங் கற்றுக்கொண்டார். மில் மூடியபோது மற்றவர்கள் கொடி பிடிக்கவும் கோர்ட்டுக்குப் போகவும் செய்தார்கள். இவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை பிடித்துப் பட்டறை போட்டார். கிணற்று மோட்டார், கிரைண்டர் மோட்டார், தறி மோட்டார், எது எரிந்தாலும் அவரிடம் வரும். எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியைச் சுற்று எண்ணிக் குறித்துக்கொண்டு அறுத்து எடுத்துவிட்டு, அது கிடந்த காடிப் பள்ளத்தில் புதுக் கம்பி சுற்ற வேண்டும். வேலையின் சூட்சுமமே பழசை முழுக்க அகற்றுவதில்தான் இருக்கிறது என்பார். ஒரு துணுக்குப் பழைய கம்பி உள்ளே தங்கினாலும் புதுசையும் சேர்த்து எரித்துவிடும். அதனால் ஒரு மோட்டார் பட்டறைக்கு வந்தால், புதுக் கம்பி அடுத்த வாரம்தான் கிடைக்கும் என்றாலும், பழைய கம்பிச் சுருளான காயிலை அன்றைக்கே அறுத்துத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். கெட்டுப்போனதைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டு தூங்க அவரால் முடியாது.

இந்த மனிதருக்குள் பாட்டு எங்கிருந்து வந்து உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியாது. மார்கழி பஜனையில் பின்பாட்டுப் பாடுவார். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களின் ஆம்ப்ளிஃபயரை ரிப்பேர் பார்த்துக் கொடுத்துவிட்டு, கச்சேரி முடியும்வரை மேடைக்குப் பக்கத்திலேயே நிற்பார். கொடுமுடியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பெண்கள் கூடி ஊஞ்சல் பாட்டுப் பாடியபோது, கூட்டத்தில் ஒரு குரல் மட்டும் அவருக்குத் தனியாகக் கேட்டது. ஜமக்காளத்தில் இரண்டாவது வரிசையில் இருந்த பெண்ணின் குரல் என்று கண்டுபிடித்தார். சாப்பாட்டுப் பந்திக்குப் போவதற்குள், அந்தப் பெண் யார் வீட்டுப் பிள்ளை என்று அம்மாவிடம் விசாரிக்கச் சொல்லிவிட்டார். நல்ல குரலுக்காகப் பெண் கேட்டவன் என்று பங்காளிகள் இன்றைக்கும் அவரைக் கேலி செய்வார்கள். ராமாமணி வந்தாள். வந்த பிறகு சமைத்தாலும் பாட்டு, துவைத்தாலும் பாட்டு. சுந்தரராஜுலுவுக்குச் சொர்க்கம் கையில் இருந்த காலம் அது.

ஷ்ரவ்யா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், துபாய்க்குப் போகவிருந்த ஒரு கீபோர்டுக்காரர் தன் எட்டு டிராக் மெஷினை அவரிடம் தள்ளிவிட்டுப் போனார். கேசட்டே தேவையில்லை, கம்ப்யூட்டரில் இருப்பது போல உள்ளேயே ஹார்ட் டிஸ்க். ஒரு டிராக்கில் குரலைப் பதிந்துவிட்டு, அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அடுத்ததில் தபேலா, அதற்கடுத்ததில் புல்லாங்குழல் என்று தனித்தனியாக ஏற்றிக்கொண்டே போகலாம். பிடிக்காததை மட்டும் அழித்துவிட்டு மறுபடி பதியலாம். பின்கட்டு அறையின் சுவர் முழுக்க மில் கழிவுப் பஞ்சைச் சாக்கில் அடைத்துத் தொங்கவிட்டு, ஜன்னலை மூடி, அதை ரிக்கார்டிங் ரூம் ஆக்கினார். உள்ளே போனால் இட்லி வெந்த மாதிரி வெளியே வரலாம். கோட்டைமேட்டிலிருந்து தபேலா வாசிக்க வரும் நாகூர் மீரான், இந்த ரூமில் ஒரு பாட்டு வாசித்தால் இரண்டு கிலோ இளைக்கும் என்பார். ஒவ்வொரு டிராக்கையும் தொடங்கும் முன் சுந்தரராஜுலு ஒரு பழைய மோட்டாரின் இரும்புக் கூடான ஸ்டேட்டரில் மூன்று தட்டு தட்டுவார். அவருடைய பிள்ளையார் சுழி அது.

அந்த அறையில் பல பாட்டுகள் பதிவாயின. கோயில் திருவிழாவுக்கு, பள்ளிக்கூட விழாவுக்கு, யாரோ ஒருவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றதற்கு. ஆனால் அவர் ஆசையாகச் செய்தது ஒரே ஒரு பாட்டைத்தான். ஷ்ரவ்யா தொட்டிலில் கிடந்தபோது அவரே எழுதி, ராமாமணி மெட்டுப் போட்டுப் பாடிய தாலாட்டு. 'ஆத்தங்கரைக் காத்து வந்து ஆட்டும் உன்ற தொட்டிலு' என்று ஆரம்பிக்கும். ஒன்றாவது டிராக்கில் ராமாமணி பாடினாள். இரண்டாவதில் சுருதிப் பெட்டி. பிறகு தபேலா, குழல் எல்லாம் ஏறின. கடைசியாக, ஏழாவதில், அவள் குரலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே சுந்தரராஜுலு கூடவே ஒரு ஹம்மிங் கொடுத்தார்.

அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. இரண்டாவது சரணத்தில், 'அப்பன் வர நேரமாகும், அதுவரைக்கும் தூங்கு' என்ற வரியில் ராமாமணியின் சுருதி இறங்குகிறது. கொஞ்சம்தான். ஆனாலும் இறங்குகிறது. வெளியே வந்து சொன்னார். குரலில் எரிச்சல் இருந்தது. அவள், தொண்டை என்னவோ மாதிரி இருக்கிறது, நாளைக்குப் பாடித் தருகிறேன் என்றாள். நாளைக்குத்தான் பாடப்போகிறாள். அதற்குள் அந்த டிராக்கை அழிக்கவேண்டிய அவசியம் எந்த மனிதனுக்கும் கிடையாது. ஆனால் சுந்தரராஜுலு வைண்டர். புதுசு சுற்றப் போகிறோம் என்றால் பழசை அன்றைக்கே அறுத்து எறிய வேண்டும். உள்ளே போனார், ஒன்றாவது டிராக்கைத் துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் ராமாமணியால் பாட முடியவில்லை. அதற்கு மறுநாளும் முடியவில்லை. டாக்டரிடம் காட்டியபோது கழுத்தில் தைராய்டுக் கட்டி என்றார்கள். கட்டி, குரலுக்குப் போகும் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் நரம்பைக் காப்பாற்ற முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள். கண் விழித்தபோது அவள் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றிலேயே அவள் கேட்டாள், பாட்டு இருக்கிறதா என்று. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சுந்தரராஜுலு என்ன செய்வார்? "மெஷின்ல பத்திரமா இருக்குது" என்றார்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை. குரல் கொஞ்சம் திரும்பியது, ஆனால் காய்ந்த ஓலை உரசுகிற மாதிரி. போனில் பேசினால் கேஸ் ஏஜென்சிக்காரர்கள் 'சார்' என்பார்கள். முதலில் அழுதாள், பிறகு அதற்கும் பழகிவிட்டாள். அவளுக்குச் சம்பந்தியாக வாய்த்தவர்களுக்கு அவளைத் தெரிந்ததெல்லாம் அந்தக் குரலில்தான். சுந்தரராஜுலு மெஷினைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். சொந்தக்காரர்கள் வந்து அந்தப் பாட்டைப் போடுங்கள் என்றால், ஒயர் சரியில்லை, ஸ்பீக்கர் சரியில்லை என்று ஏதாவது சொல்லிவிடுவார். இறங்கிய அந்தச் சுருதி பாட்டுக்காரியின் கவனக்குறைவு அல்ல, தொண்டைக்குள் கட்டி அழுத்தியது என்று புரிந்தபோது அவருக்கு ஏற்பட்ட வலியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய ஒருத்தியிடம் சொல்ல வாயும் வரவில்லை.

ஷ்ரவ்யா அப்பாவை நம்பிக் காத்திருக்கிற பெண் அல்ல. பெங்களூரில் ஒரு கம்பெனியில் பயிற்சி வீடியோக்களுக்குக் குரல் வெட்டி ஒட்டுகிற வேலை பார்க்கிறவள், இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சைதன்யாவிடம் சொல்லிக் காந்திபுரத்தில் தேடிப் பிடித்து மெஷினுக்கு வேறு அடாப்டர் வரவழைத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், குழந்தை தூங்கிய நேரம் பார்த்து, மெஷினைக் கூடத்து மேஜையில் வைத்தாள். பட்டறையில் அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பிய அப்பாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இந்த மெஷினின் பட்டனெல்லாம் அவருக்குத்தான் தெரியும், அவர் இல்லாமல் எப்படி?

சுந்தரராஜுலு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் ஹார்ட் டிஸ்க் செத்துப் போயிருக்கும் என்று ஒரு நம்பிக்கை அவருக்கு இருந்தது. தான் ஆசையாய் வாங்கிய சாமான் செத்துப் போயிருக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். ஷ்ரவ்யா ஸ்விட்சைப் போட்டாள். மெஷின் ஒரு தடவை முனகியது. பிறகு பச்சை விளக்கு எரிந்தது, சின்னத் திரையில் பாட்டுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. தாலாட்டும் இருந்தது. சமையல் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த ராமாமணி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மெஷினின் முதுகில் சதுரமாக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் ஒரு கண்ணாடி ஒயரைச் செருகினால் பாட்டு சிவப்பு வெளிச்சமாக வெளியே வந்து, ஷ்ரவ்யா கொண்டுவந்திருந்த சிறு பெட்டி வழியாக லேப்டாப்புக்குள் போகும். பதிந்தது பதிந்தபடியே போகும், இரைச்சல் சேராது. ஒரே சிக்கல், எட்டு டிராக்கும் ஒன்றாக வராது, இரண்டிரண்டாகத்தான் வரும். நாலு தடவை ஓடவிட்டு, பிறகு லேப்டாப்பில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். ஒவ்வொன்றின் தலையிலும் நைனா தட்டிய மூன்று தட்டு இருக்கிறதே, அதை வைத்தே சுலபமாகப் பொருத்திவிடலாம் என்று ஷ்ரவ்யா உற்சாகமாகச் சொன்னாள். முதலில் ஒன்றும் இரண்டும்.

லேப்டாப் திரையில் கீழ்க்கோடு தடிமனாக ஓடியது, அது சுருதிப் பெட்டி. மேல்கோடு கோடாகவே போயிற்று. மூன்று தட்டுக்கூட இல்லை. ஷ்ரவ்யா ஒயரைப் பிடுங்கித் துடைத்துச் செருகிப் பார்த்தாள். பெட்டியை அணைத்துப் போட்டாள். ஒயரில்தான் கோளாறு என்று அவளே முடிவு கட்டிவிடுவாளோ என்று சுந்தரராஜுலுவுக்கு ஒரு நப்பாசை. ஆனால் அவள் சோதனைக்குத் திருவிழாப் பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்க்க, அதில் இரண்டு டிராக்கும் கணீரென்று வந்தன. மறுபடி தாலாட்டுக்கு வந்தாள். மேல்கோடு அசையவில்லை.

"நைனா, ஒண்ணாவது டிராக்ல ஒண்ணுமே இல்லைங்களே. அம்மா வேற டிராக்ல பாடுனாங்களா?"

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். சுந்தரராஜுலு மகளைப் பார்க்கவில்லை. ராமாமணியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இல்லை ராமா. அன்னைக்கே அழிச்சுப்போட்டேன். மறுநாள் பாடுவேன்னு நெனச்சு, பழசை எடுத்துப்போட்டேன். தொண்டையில கட்டி இருக்கறது தெரியாம சுருதி எறங்குதுன்னு கோவிச்சுட்டேன். ஆஸ்பத்திரியில நீ கேக்கறப்போ சொல்ல வாய் வரலை."

ஷ்ரவ்யா கையை வாயில் வைத்துக்கொண்டாள். ராமாமணிக்குக் கோபம் வருமென்று அவர் காத்திருந்தார். கோபம் வந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள் ராமாமணி, அந்த உரசும் குரலில். "எரிஞ்ச காயிலு ஒரு ராத்திரி உங்க பட்டறையில தங்கியிருக்குதா? என்ற பாட்டை மட்டும் வெச்சிருப்பீங்களாக்கும். ஆஸ்பத்திரியில நீங்க சொன்ன தினுசுலயே தெரிஞ்சு போச்சு."

தெரிந்திருந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவர் கேட்டார்.

"கேட்டா நீங்க மறுபடியும் பொய் சொல்லோணும். உங்களுக்கு அது வராது. எதுக்கு உங்களைப் போட்டுப் பாடுபடுத்தறதுன்னு உட்டுட்டேன்."

சுந்தரராஜுலு அழுதார். பட்டறையில் விரல் நசுங்கியபோதும் அழாத மனிதர், மகள் முன்னால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ராமாமணி தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு, மகளிடம் மிச்சத்தை ஏற்றச் சொன்னாள். குரல் இல்லாவிட்டால் போகிறது, தபேலாவும் குழலும் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை அத்தைமார் யாராவது அதன்மேல் பாடிக்கொள்ளட்டும் என்றாள். ஷ்ரவ்யாவுக்கு மனம் விட்டுப் போயிருந்தது. ஆனாலும் அம்மா சொன்னதற்காக மூன்றும் நாலும், ஐந்தும் ஆறும் ஏற்றினாள். தபேலாவுக்கு நடுவில் நாகூர் மீரான் உஸ்ஸென்று மூச்சு விட்டு, வேர்க்குது என்று முனகியதுகூடப் பதிவாகியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக ஏழும் எட்டும். எட்டில் ஜால்ரா. ஏழில் சுந்தரராஜுலுவின் ஹம்மிங். இளவயதுக் குரல், கொஞ்சம் மூக்கால் பாடுகிற குரல். தன் குரலைக் கேட்க அவருக்கே கூச்சமாக இருந்தது. முதல் சரணம் போயிற்று. இரண்டாவது சரணத்தில் ஓரிடத்தில் ஹம்மிங் பட்டென்று நின்றது. ராமாமணியின் சுருதி இறங்கியதைக் கேட்டு எரிச்சலில் அவர் வாயை மூடிக்கொண்ட இடம். அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது, மறக்கிற இடமா அது. சில விநாடிகள் வெறுமையாக ஓடி, மறுபடி ஹம்மிங் ஆரம்பித்தது.

ராமாமணி கையைத் தூக்கினாள். "நிறுத்து கண்ணு. மறுக்கா போடு."

ஷ்ரவ்யா பின்னால் இழுத்துப் போட்டாள். சுந்தரராஜுலுவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் இரைச்சலில் பாதிச் செவி போன மனிதர். ஆனால் ஷ்ரவ்யா திரையில் முகத்தை வைத்துப் பார்த்தாள். வெறுமையாக இருக்கவேண்டிய இடத்தில், கோடு மயிரிழை அளவுக்கு நெளிந்திருந்தது. அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, சத்தத்தை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். இரைச்சல் மழை மாதிரி எழுந்தது. மழைக்கு நடுவில் ஒரு பெண் பாடினாள்.

'அப்பன் வர நேரமாகும், அதுவரைக்கும் தூங்கு.'

இந்தத் தடவை அவருக்கும் கேட்டது.

ஷ்ரவ்யாவுக்கு உடனே புரிந்துவிட்டது. நைனா அம்மாவின் குரலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டேதானே ஹம்மிங் கொடுத்தார். அவருக்குக் காது மந்தம், சத்தத்தை முழுக்க வைத்துக் கேட்டிருப்பார். ஹெட்போனின் பஞ்சு பிய்ந்திருக்கும். அதிலிருந்து கசிந்த அம்மாவின் குரலை எதிரே இருந்த மைக் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரிடமும் அவள் படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். பாட்டு முழுக்க அம்மா அதில் இருப்பார், ஆனால் மற்ற இடத்திலெல்லாம் நைனாவின் ஹம்மிங் அவர்மேல் மூடியிருக்கும். நைனா வாயை மூடிக்கொண்ட அந்த ஒரு வரியில்தான் அம்மா தனியாகக் கேட்கிறார்.

மறுபடி போட்டார்கள், அதற்கப்புறமும் போட்டார்கள். இரைச்சலை வடிக்க வடிக்கக் குரல் தெளிந்துவந்தது. 'அப்பன்' என்று எடுத்த எடுப்பிலேயே அது சற்று இறங்கித்தான் இருந்தது. வேலைக்குப் போன புருஷனை எதிர்பார்த்து, பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டு, தானும் அசந்துபோன ஒருத்தி அப்படித்தானே பாடுவாள் என்று சுந்தரராஜுலுவுக்கு இப்போது தோன்றியது. அன்றைக்கு இது ஏன் தோன்றவில்லை? எந்த வரியைப் பிழை என்று சொல்லிப் பாட்டையே அழித்தாரோ, அந்த வரி ஒன்றுதான் பிழைத்துக் கிடக்கிறது. அவர் அதை வாய்விட்டே சொன்னார்.

ராமாமணி சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருந்த வரியெல்லாம் போயி, போயும் போயும் இதுதானா மிஞ்சோணும்" என்றாள். ஆனால் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று மறைக்கத் தெரியவில்லை. நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் குரலைத் தானே, யாரோ தெரிந்த பெண்ணை வழியில் பார்த்ததுபோல, கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஷ்ரவ்யா ஒரு யோசனை சொன்னாள். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப வருகிற மாதிரி செய்துவிடலாம். நைனாவின் ஹம்மிங்கை எடுத்துவிட்டால் அம்மா குரல் மட்டும் சுத்தமாக இருக்கும். சுந்தரராஜுலுவுக்கும் அது சரியென்று பட்டது. தன் குரல் போனால் நிம்மதி என்றுகூட நினைத்தார்.

"வேண்டாம் கண்ணு" என்றாள் ராமாமணி. "அவரு பாடிட்டு வந்து நிறுத்துனாத்தானே நான் கேக்கறேன். அவரு பாட்டுக்குப் பாடட்டும். அவரை அழிச்சுப்போடாதே."

ஞாயிற்றுக்கிழமை வீடு கொள்ளாத கூட்டம். புதுத் தொட்டிலில் மஞ்சள் தடவிய சேலை, வாழைப்பழம், ஊறவைத்த கடலை, எல்லாம் முறைப்படி நடந்தன. குழந்தையைத் தொட்டிலில் இட்டதும் ஷ்ரவ்யா லேப்டாப்பைத் தட்டினாள். மூன்று தட்டு கேட்டது, பிறகு குழல், தபேலா, அதன்மேல் சுந்தரராஜுலுவின் மூக்குக் குரல். மாப்பிள்ளை வீட்டார் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். பங்காளிகள் சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். சுந்தரராஜுலு யாரையும் பார்க்காமல் ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ராமாமணி தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சரணம் வந்தது. மூக்குக் குரல் நின்றது. அந்த வரி மட்டும் தனியாக, லேசான இரைச்சலோடு, கூடத்துக்குள் வந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மா ராமாமணியின் தோளைத் தொட்டார். "ஏனுங்க, இது யாருங்க பாடறது? எத்தனை இதமா இருக்குது" என்றார்.

ராமாமணி கயிற்றை விடாமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"நானுங்க" என்றாள்.